அட்டையில் போட்ட கையெழுத்து

மரியே வாழ்க

ராயபுரம்
28-8-2024

அன்புப் பேத்தி டெபோராவுக்கு ஆயா வியாகுலம்மாள் எழுதுவது.

நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மெர்லின் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள், அடுத்த மாதம் மஸ்கட் போகிறாள். நோயல் வெல்டிங்கில் சர்டிபிகேட் வாங்கிக் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் சேர்ந்துவிட்டான். ஜெரி பள்ளிக்கூட டீமில் கோல்கீப்பர். போன வாரம் மூன்று பெனால்டியைத் தடுத்தான், அதில் ஒன்றை மூக்கால் தடுத்தான். இவர்களுக்கெல்லாம் மேலே நீ. ஜூன் மாத மாநிலப் போட்டியில் தங்கம். நூற்றைந்து கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி ரெக்கார்டு. தெருப் பையன்கள் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருக்கிற சுவரில் ‘டெபோரா 105’ என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குகிறார்கள்.

இப்போது பெரிய செய்தி. நேற்று தபால்காரர் வந்தார். உன் பெயருக்கு டெல்லியிலிருந்து தடிமனான கவர். என்னைப் பார்த்ததும் மை டப்பாவைத் திறந்து கைநாட்டு வைக்கச் சொன்னார். நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். கவரோடு வந்த ஒப்புகை அட்டையில் அ. வியாகுலம்மாள் என்று ஒரு புள்ளி விடாமல் முழுதாக எழுதி, கீழே கோடும் போட்டேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் சிஸ்டர்கள் ஸ்கேலால் முட்டியில் அடித்து வரவைத்த எழுத்து இது. “பிரிண்ட் அடிச்சா மாறி கீது ஆயா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு உனக்கு வந்த ஆர்டர்தான். வேறென்ன இருக்கப்போகிறது? இன்டர்வியூ முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நம் வீட்டு வழக்கப்படி பிரிக்காமல் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டேன். உன் அப்பனுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை வந்தபோதும் அப்படித்தான், ஒன்பது நாள் நவநாள் முடிந்துதான் பிரித்தோம். நாளைக்குக் கொடியேற்றம். எட்டாம் தேதி திருநாள் பூசை முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து நோயல் படிப்பான். அன்றைக்குத் தெருச் சப்பரத்தில் மாதா கழுத்தில் உன் தங்க மெடலைப் போட்டு எடுத்துவரப் போகிறார்கள்.

காசிமேட்டில் மீன் விற்கிற எண்ணூர் புஷ்பவல்லியைப் பார்த்தேன். உனக்கு அடுத்ததாக நூற்று நான்கு தூக்கி வெள்ளி வாங்கின ஜோதிகாவின் அம்மா. “ஒங்க பேத்தி ஒரு கிலோ வுட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?” என்று சிரித்துக்கொண்டே இரண்டு சங்கரா மீனைக் கூடுதலாகப் போட்டாள். நல்ல மனசு.

போனில் உன் குரல் கட்டையாகக் கேட்டது. பயிற்சிக்குப் போன இடத்தில் பெங்களூர்க் குளிர் போலிருக்கிறது. மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடி. எனக்குக் காது மந்தம், உன் அப்பன் போனில் பேசினால் வீட்டுக்கே கேட்கிறது. அதனால் கடிதமே எழுது. சுவரில் இருக்கிற உன் போட்டோ கடல் காற்றில் வெளுத்துவிட்டது, புதுசாக ஒன்று அனுப்பு.

ஆயா


பெங்களூரு
31-8-2024

ஆயா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அந்தக் கவரைப் பிரிக்காதே. நோயலிடம் கொடுக்காதே. அப்பாவிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. அதை அப்படியே இன்னொரு கவரில் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் எனக்கு அனுப்பிவிடு.

அது வேலை ஆர்டர் இல்லை.

போன் பண்ணலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பாதான் “சொல்லும்மா” என்றார். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று எதையோ சொல்லி வைத்துவிட்டேன்.

மெடலைச் சப்பரத்தில் போட வேண்டாம் ஆயா. ஏதாவது காரணம் சொல்லிவிடு. ஏன் என்று கேட்காதே. ஊருக்கு வரும்போது சொல்கிறேன்.

மிளகுத் தண்ணீர் குடிக்கிறேன். குரல் அப்படியேதான் இருக்கிறது.

டெபோரா


மரியே வாழ்க

ராயபுரம்
9-9-2024

டெபோராவுக்கு,

கேட்காதே என்று எழுதினாய். ஐந்து நாள் கேட்காமல்தான் இருந்தேன். 

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. அன்றைக்கே மாதா காலடியிலிருந்து கவரை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுத்தேன், திருடுகிற மாதிரி. உடனே அனுப்பியிருக்கலாம். அனுப்பிவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். தெரிந்துகொள்ளவும் பயம். இரண்டுக்கும் நடுவில் டிரம்மைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

திருநாள் அன்று நோயல் எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டு கவர் எங்கே என்றான். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். அப்பன் என்னையே பார்த்தான். பிறகு சப்பரத்துக்காரப் பையன்கள் வந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் ஒருவன் மெடலை எடுத்து மாதா கழுத்தில் போட்டுவிட்டான். சப்பரம் குழாயடி வரைக்கும் போய்விட்டது. நான் பின்னாலேயே ஓடி, ரிப்பனில் எண்ணெய்ப் பிசுக்கு, துவைத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றிவிட்டேன். “இன்னா ஆயா, மாதா கழுத்துல கீறத அவுக்குற?” என்று கேட்டார்கள். அந்தச் சுவரில் உன் பெயர் என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

இன்று காலையில் கவரை எடுத்துக்கொண்டு மண்ணடியில் மனு எழுதிக் கொடுக்கிற அப்துல் வஹாப் பாயிடம் போனேன். உன் தாத்தா காலத்திலிருந்து பழக்கம். அவர் முழுதும் படித்துவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்தினார். 

ஜூன் போட்டியில் உன்னிடம் வாங்கின சிறுநீரில் தடை செய்த மருந்து இருக்கிறதாம். அதை இரண்டு பாட்டிலில் பிரித்து வைத்திருக்கிறார்களாம். தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தால் இரண்டாவது பாட்டிலையும் உடைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க ஏழு நாள். கவர் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள். அது மூன்றாம் தேதியோடு போய்விட்டது. அந்த ஏழு நாளும் கவர் மாதா காலடியில் இருந்தது. நான்தான் வைத்தேன். நான்தான் பூப் போட்டேன்.

நீ செய்யாத தப்புக்கு என்னால் மாட்டிக்கொண்டாய் என்றால் நான் எந்த முகத்தோடு ஜெபமாலையைத் தொடுவேன்?

இன்னொன்றும் பாய் சொன்னார். மருந்து எடுத்தது நிஜம் என்றால் இருபது நாளுக்குள் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் நாலு வருடத் தடையில் ஒரு வருடம் குறையும். கடைசி நாள் பதினாறாம் தேதி. எப்படி இருந்தாலும் மெடலும் ரெக்கார்டும் போய்விடும் என்றார். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். அந்த இரும்பைத் தூக்கினது மருந்தா, என் பேத்தியா? பத்து வயதிலிருந்து காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடினது யார்? அதை எப்படி அழிப்பார்கள்? பாய் எழுந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார்.

கவரை இதோடு அனுப்புகிறேன். யாரோ உனக்குத் தெரியாமல் கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி எழுது. போதும்.

ஆயா


பெங்களூரு
11-9-2024

ஆயா,

அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.

உன்னால் ஒன்றும் கெடவில்லை. இரண்டாவது பாட்டிலை உடைத்தாலும் அதேதான் இருக்கும். ஜெபமாலையைத் தாராளமாகத் தொடு.

மாதவரம் ஜிம்மில் பயிற்சி கொடுத்தாரே ஒருவர், வீட்டுக்குக்கூட வந்து உன் கையால் வஞ்சிரம் சாப்பிட்டுப் போனாரே, அவர்தான் பிப்ரவரியில் முதல் ஊசி போட்டார். சத்து ஊசி என்றார். இரண்டாவது ஊசியின்போது பெட்டியில் இருந்த பெயரை போனில் தேடிப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கையை நீட்டினேன். மே மாதம் வரை நீட்டினேன். ஊசிக்கு முன்னால் நான் தூக்கினது தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் ஒரு வருடமாக நகரவில்லை. முட்டி வலி. ஜோதிகா ஒவ்வொரு போட்டியிலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இருபத்து மூன்று வயதில் முடிந்துபோய்விடுவேனோ என்று.

இப்போதும் பயம். மாதவிடாய் நின்று நான்கு மாதம் ஆகிறது. குரல் எனக்கே யாருடையது போலவோ கேட்கிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆயா, ஒரு வழி இருக்கிறது. இங்கே ஒரு சீனியர் அக்கா, இதே மாதிரி மாட்டித் தப்பித்தவள், சொன்னாள். கவர் நம் வீட்டு ஆள் கையில் வந்து சேரவே இல்லை என்று நிரூபித்தால் நோட்டீஸ் செல்லாது, திரும்ப முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அதற்குள் வேலை ஆர்டர் வந்து சேர்ந்துவிடுவேன். வக்கீல் பிறகு பார்த்துக்கொள்வார். அந்த அட்டையில் இருப்பது உன் கையெழுத்து. நீ ஒரு தாள் எழுத வேண்டாம், எழுதவே கூடாது. வக்கீல் அனுப்புகிற தாளில் உன் கட்டைவிரல் ரேகையை மட்டும் வை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அட்டையில் கையெழுத்துப் போட்டது நான் இல்லை, யாரென்று தெரியாது என்று அதில் இருக்கும். நீ ஐந்தாவது படித்தது டெல்லியில் யாருக்குத் தெரியும்?

உன்னிடம் இதைக் கேட்கிறேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

டெபோரா


மரியே வாழ்க

ராயபுரம்
14-9-2024, சனி

டெபோரா,

உன் கடிதமும் வக்கீல் தாளும் நேற்று வந்தன. தாளில் கட்டைவிரலுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். உன் அப்பன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த மை டப்பா வீட்டில்தான் இருக்கிறது. ராத்திரி சோறு வடித்துவிட்டு அதைத் திறந்தேன். விரலால் மையைத் தொட்டும்விட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். மாதவிடாய் விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. என் எழுத்து போனால் போகிறது, பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் தொட்டேன்.

வைப்பதற்கு முன்னால் ஒன்று தோன்றியது. இதனால் யாருக்கு நஷ்டம்? அந்த ஜோதிகாவுக்கு ஒரு வெள்ளி இருக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறாள்? கண்ணால் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாக வைக்கலாம் என்று விரலைத் துடைத்தேன்.

இன்று காலையில் எண்ணூர் பஸ் ஏறித் தாழங்குப்பம் போனேன். புஷ்பவல்லி சந்தைக்குப் போயிருந்தாள். ஜோதிகா மட்டும் வீட்டுக்குப் பின்னால் இருந்தாள். சுவரோரம் முழுக்க அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, பைப்பின் இரண்டு முனையிலும் செருகித் தூக்கிக்கொண்டிருந்தாள். எதிரே செங்கல் மேல் போன் நின்றது. அதில் நீ. ஜூன் போட்டியில் நீ தூக்கின வீடியோ திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடது தோளில் இறுக்கிக் கட்டுப் போட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலில் விழுந்தாள். நீ எந்த இடத்தில் மூச்சை நிறுத்துகிறாய், எப்போது முட்டியை நேராக்குகிறாய் என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? அவள் தூக்கிக் காட்டினாள். கை மேலே போகும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. வலியில் முகம் கறுத்தது. போதும் இறக்கு என்றேன்.

“ஒரே ஒரு கிலோ ஆயா. அக்கா தூக்கிக்கீதுல்ல, நானும் தூக்க முடியும்னு தானே அர்த்தம்” என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். மாதவரம் ஜிம் ஆள் போன வாரம் வந்தாராம். வரும் வெள்ளிக்கிழமை ஊசியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

“டெபோரா இன்னா சும்மாவா தூக்குச்சுன்னு கேட்டுகினு போனாரு. நெசமா ஆயா? நீ சொல்லு. நீ இல்லன்னு சொன்னா நான் அந்தாள வாசல்ல ஏத்த மாட்டேன். ஆமான்னு சொன்னா, அப்பறம் நான் மட்டும் இன்னா கேணையா?”

நான் தெரியாது என்றேன். அதுதான் என் வாயில் வந்தது. அவள் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், இல்லை என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல் அவளை அந்த ஆளிடமே விட்டுவிட்டு வந்தது புரிந்தது. திருவொற்றியூர் தாண்டும் வரை முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் சாக்லெட் கொடுத்தாள், சர்க்கரை குறைந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு.

போன கடிதத்தில் கேட்டேன் அல்லவா, நீ தூக்கினதை எப்படி அழிப்பார்கள் என்று? இப்போது கேட்க மாட்டேன். நூற்றைந்து என்கிற அந்த எண் சுவரில் இருக்கும் வரை ஒருத்தி சிமென்ட் டப்பாவின் அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அடுத்து கையை நீட்டுவாள். அடுத்து அவளுக்கும் குரல் கட்டும்.

வக்கீல் தாளில் ரேகை வைக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். பார், கட்டத்துக்குள் என் பெயரை எழுதியிருக்கிறேன். இனி அதை யாரும் பயன்படுத்த முடியாது. அட்டையில் இருப்பது என் கையெழுத்துதான், யார் வந்து கேட்டாலும் சொல்வேன். என் மேல் கோபம் வரும். வரட்டும்.

பதினாறு, திங்கட்கிழமை. வெள்ளி, இருபதாம் தேதி. இந்த இரண்டு நாளையும் நீ பார்த்துக்கொள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிக் காட்டு. அதைத்தான் முதலில் செய்.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க மனசு வரவில்லை. அதில் நிஜம் இருக்கிறது.

ஆயா


பெங்களூரு
16-9-2024, இரவு

ஆயா,

மத்தியானம் இரண்டு மணிக்கு உன் கடிதம் வந்தது. கட்டத்துக்குள் உன் பெயரைப் பார்த்ததும் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். விடுதி ஆபீஸ் ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். நாலே முக்காலுக்குத்தான் போனேன். நீ சந்தோஷப்படுவாய் என்பதற்காக முன்னாலேயே போனேன் என்று பொய் எழுத மாட்டேன்.

மருந்து எடுத்தேன், தெரிந்தே எடுத்தேன், கொடுத்தவர் பெயர் இது என்று அங்கே கம்ப்யூட்டரில் எழுதி டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். தடை மூன்று வருடமாக இருக்கும் என்கிறார்கள். ஆர்டர் இனி வராது. மெடலைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அப்பாவிடம் நானே போனில் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. கிரேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜோதிகாவைக் கூப்பிட்டேன். ஆமாம் என்று சொன்னேன். “அப்போ நூத்தி நாலு தான் நெசமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரெக்கார்டு உன்னுடையது, அந்த ஆளை உள்ளே விடாதே, என் குரலைக் கேள், இது ஊசி கொடுத்த குரல் என்றேன்.

“மேடைல எனுக்குக் கை குடுத்தியே, அழாதன்னு சொன்னியே. அப்போவே ஒனுக்குத் தெரியும்ல?”

தெரியும் என்றேன். வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது ஆயா. என்னைப் பழிவாங்க அவள் தன் கையை நீட்டிவிடக் கூடாது.

நாளைக்கு டாக்டரிடம் போகிறேன். வீட்டுக்கு எப்படி வருவது? அந்தக் குழாயடியைத் தாண்டித்தானே வர வேண்டும்?

டெபோரா


மரியே வாழ்க

ராயபுரம்
5-10-2024

அன்புப் பேத்தி டெபோராவுக்கு,

மெர்லின் மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டாள், அங்கே மீன் நன்றாக இல்லையாம். நோயலுக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். ஜெரி டீம் தோற்றது, ஆனால் அவன் மூக்கு சரியாகிவிட்டது. நீ தொண்ணூற்றெட்டு கிலோ தூக்கினாய், டாக்டரிடம் போனாய், ஆமாம் என்று சொன்னாய். இதையும் நான் வரிசையில்தான் சொல்வேன்.

பளுதூக்கும் சங்கத்திலிருந்து கேட்டபடி மெடலைப் பெட்டியில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரிப்பனை நிஜமாகவே துவைத்துத்தான் வைத்தேன். சப்பரத்தில் சொன்ன பொய்க்கு அவ்வளவாவது செய்ய வேண்டும். தபாலாபீஸ் பாரத்தில் அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கோடு போடவில்லை.

உன் அப்பன் நான்கு நாள் குழாயடிப் பக்கமே போகவில்லை. ஐந்தாவது நாள் வெள்ளை பெயின்ட் வாங்கிவந்து, தானே போய்ச் சுவரில் இருந்ததை அழித்தான். பையன்கள் கேலியாக ஏதோ கேட்டார்கள். அவன் எண்ணைத்தான் அழித்தான். பெயரை விட்டுவிட்டான். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

தெருவில் பேசுகிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. நீ வரும்போதும் நிற்கும். என்னோடு வா. எனக்குத்தான் காது மந்தமாயிற்றே.

புஷ்பவல்லி என்னிடம் மீன் விற்பதில்லை. முதல் நாள் கூடையை என் பக்கமிருந்து திருப்பி வைத்தாள். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்கு உயிரே இல்லை. தினமும் போய் எதிரில் நின்றேன். முந்தாநாள்தான் வாயைத் திறந்தாள். அந்த ஆள் வந்தானாம். இவள் மீன் வெட்டுகிற கத்தியோடு வாசலில் உட்கார்ந்து, முழு வஞ்சிரத்தை ஒன்றரை மணி நேரம் வெட்டிக்கொண்டே இருந்தாளாம். அவன் தெருமுனையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். மறுபடி வருவானோ என்று அவளுக்கும் பயம்தான். ஜோதிகா தோளைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். புஷ்பவல்லியிடம் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தேன். “அத்த பத்தி எங்கைல பேசாத” என்று மட்டும் சொன்னாள். சங்கராவும் கொடுக்கவில்லை.

எனக்கு இன்னும் தூக்கத்தில் அந்தத் தபால்காரர் வருகிறார். ஒவ்வொரு தடவையும் பேனாவைத்தான் கேட்கிறேன்.

வெளுத்துப்போன போட்டோவை அப்பன் கழற்றிவிட்டான். ஆணி அப்படியே இருக்கிறது. அந்த இடம் மட்டும் சுவரில் சதுரமாக வேறு நிறத்தில் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. இந்த வாரமே ஒரு ஸ்டூடியோவுக்குப் போ. கழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளாதே, தலையை வாரிக்கொண்டால் போதும். புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆயா